கீழே வழக்கு, மேலே விளக்கு: ஒரு துறைமுகக் கட்டடத்தின் இரட்டை வாழ்க்கை

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் முப்பது நாற்பது மாடி எழுப்பி, கீழே கடை, நடுவில் ஆபீஸ், அதற்கு மேலே ஓட்டல் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற கட்டடங்களை ஏதோ நேற்று முளைத்தவை போலப் பேசுவது வழக்கமாகியிருக்கிறது. பயணி வந்து இறங்கும் இடத்தில் உயரத்தை நிறுத்துவதும், அந்த உயரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளைத் திணிப்பதும் பழைய சங்கதி. ஊருக்கு வாசல் கடலாக இருந்தவரை அதைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் செய்தார்கள். சென்னையில் அதற்குச் சாட்சி பாரிமுனையில் நிற்கிற உயர்நீதிமன்றம். 1894 முதல் 1977 வரை, எண்பது ஆண்டுகளுக்கு மேல், அதன் உச்சியில்தான் கலங்கரை விளக்கு எரிந்தது. இந்த இரண்டு வேலைகளும் தற்செயலாக ஒரே கூரைக்கு வந்து சேர்ந்தவையா, அல்லது அவற்றுக்குள் ஏதேனும் உறவு உண்டா என்பதே இங்கு நம் கேள்வி.

கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். சென்னையின் முதல் கலங்கரை விளக்கு கோட்டைக்குள், 1795இல் கட்டி முடிக்கப்பட்ட எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருந்தது. இன்றைக்குக் கோட்டை அருங்காட்சியகமாக இருக்கிறதே, அதேதான். கீழே சரக்குக் கிடங்கு. மேலே வணிகர்களும் தரகர்களும் கப்பல் தலைவர்களும் கூடிப் பேரம் பேசும் கூடம். மெட்ராஸ் பேங்க் இயங்கியதும் அங்கேதான். அதற்கும் மேலே 1796 முதல் தேங்காய் எண்ணெய் விளக்கு. இதைவிடப் பச்சையான 'பலபயன் கட்டடம்' இருக்க முடியாது. வெளிச்சத்தைப் பார்த்து வருகிற கப்பல்காரன் எந்தக் கூரையைப் பார்த்து வந்தானோ அதே கூரையின் அடியில் உட்கார்ந்து சரக்கை விற்கிறான். விளக்கு இங்கே கடையின் பெயர்ப்பலகை. கம்பெனி ஆட்சி தன்னை வணிகமாகவே காட்டிக்கொண்ட காலம் அது.

ஆனால் விளக்கைப் பார்த்து வந்த கப்பல் கரைக்கு வந்துவிடாது. அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில் ஆளையும் சரக்கையும் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்கள் வடக்கே இராயபுரத்துப் பக்கம் குடியிருந்த படகோட்டிச் சமூகத்தார். அங்கே இருக்கும் புனித பேதுரு கோயில் அவர்கள் எழுப்பியது. இராயப்பர் என்றால் பேதுரு. ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். கடைசி ஒரு மைல் தூரம் இவர்கள் தோளில்தான் நடந்தது. உயரத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கடைசி மைலை எழுதுவதில்லை.

உயரத்துக்கு முன்னால் ஒரு தரைமட்டமாக்கலும் நடந்திருக்கிறது. உயர்நீதிமன்றம் நிற்கும் இடம் பழைய கறுப்பர் நகரம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததும், பின்னர் 1758-59இல் லாலி முற்றுகையிட்டதும் ஆங்கிலேயருக்கு ஒரு பாடத்தைக் கற்றுத்தந்தன: கோட்டைக்கு வடக்கே வீடுகள் இருந்தால் எதிரி அதில் ஒளிந்துகொள்வான். அதனால் அந்த ஊரையே, அதன் கோயிலோடு சேர்த்து, இடித்துத் தள்ளி, பீரங்கி சுடத் தோதாகப் பொட்டல் ஆக்கினார்கள். அந்தப் பொட்டலுக்கு 'எஸ்பிளனேடு' என்று பெயர். அதன் எல்லையில் 1773இல் ஆறு தூண்கள் நட்டார்கள். ஒன்று மட்டும் பாரிமுனை டேர் ஹவுஸ் வளாகத்தில் இன்னும் இருக்கிறது. தூணுக்கு இந்தப் பக்கம் எவனும் கட்டடம் கட்டக்கூடாது. இன்று விமான ஓடுபாதையைச் சுற்றி எவ்வளவு உயரம் கட்டலாம் என்று வரைபடத்தில் நிறம் பூசி வைத்திருப்பதும், விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்றிதழ் இல்லாமல் மாடி ஏற்ற முடியாததும் எஸ்பிளனேடின் தர்க்கமே. அங்கே குண்டு பறக்க வேண்டியிருந்தது, இங்கே விமானம் பறக்க வேண்டியிருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. துறைமுகத்துக் கோபுரத்தைக் கப்பல் கண்டு நெருங்க வேண்டும். விமான நிலையத்துக் கோபுரத்தை விமானம் கண்டு விலக வேண்டும். உச்சியில் சிவப்பு விளக்கு போடச் சொல்வது அதற்காகத்தான்.

1844இல் விளக்கு கோட்டையைவிட்டு வெளியேறி இந்தப் பொட்டலுக்கு வந்தது. கேப்டன் ஸ்மித் என்ற பொறியாளரின் திட்டப்படி, பல்லாவரத்துக் கல்லால், கிரேக்க பாணியில் 125 அடித் தூண். விளக்கைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. (அந்தக் கல் கிடைத்த பல்லாவரத்துக் குன்றுகளின் பக்கத்தில்தான் இன்று மீனம்பாக்கம் விமான நிலையம் இருக்கிறது என்பது வரலாற்றின் சின்னக் குறும்பு.) ஐம்பது ஆண்டுகள் எரிந்தது. இன்னும் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது, விளக்கில்லாமல்.

1892இல் பிராசிங்டன், ஹென்றி இர்வின் போன்றவர்களின் வடிவமைப்பில், இந்தோ-சாரசனிக் பாணியில் உயர்நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. 125 அடித் தூணுக்குப் பக்கத்தில் 175 அடிக் கோபுரம். விளக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்லப் பொறியாளர் தேவையில்லை. 1894 ஜூனில் அது கோபுரத்துக்கு ஏறியது. சந்தையின் தலையில் இருந்த விளக்கு ஒரு நூற்றாண்டுக்குள் சட்டத்தின் தலைக்கு வந்துவிட்டது. கம்பெனி போய் மகாராணியின் அரசு வந்ததை இதைவிடச் சுருக்கமாகக் கட்டடத்தில் எழுத முடியாது. 'இதெல்லாம் வெறும் சிக்கனம்யா, கோபுரம் இருந்துச்சு, ஏத்திட்டான்' என்று ஒரு நண்பர் சொல்லக்கூடும். இருக்கட்டும். சிக்கனத்துக்கும் அர்த்தம் உண்டு. எதை எதோடு சேர்த்தால் செலவு மிச்சம் என்று தோன்றுகிறது என்பதும் ஒரு சொல்லாடலுக்குள் நிகழ்வதே.

கோபுரம் என்றதும் நம்மவர்கள் உடனே ஃபூக்கோவை இழுத்து வருவார்கள். பெந்தாம் திட்டமிட்ட சிறையில் நடுக்கோபுரத்திலிருந்து காவலன் எல்லோரையும் பார்க்கிறான், அவனை யாரும் பார்க்க முடியாது. நம் கோபுரத்தில் நடப்பது இதற்குத் தலைகீழ். அங்கிருந்து யாரும் யாரையும் கண்காணிக்கவில்லை. அது பார்க்கப்படுவதற்கென்றே கட்டப்பட்டது. அதுவும் இரண்டு திசையிலிருந்து. கடலிலிருந்து பார்க்கிற மாலுமிக்கு அது ஒரு வெளிச்சப்புள்ளி மட்டும். கீழே நீதிமன்றம் இருப்பது அவனுக்குத் தேவையில்லாத செய்தி. தரையிலிருந்து பார்க்கிற கட்சிக்காரனுக்கு அது சர்க்கார் கோபுரம். மேலே விளக்கு எரிவதால் அவன் வாய்தா குறையப்போவதில்லை. ஒரே பிரதியை இரண்டு வாசகர்கள் ஆளுக்குப் பாதியாக வாசிக்கிறார்கள். இரண்டு பாதியையும் சேர்த்து வாசிக்க நேர்ந்தவர்கள் வடசென்னைத் தொழிலாளிகள்.

1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அதில் திரண்டார்கள், பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. உடனிருந்தார். 1920இல் கதவடைப்பு வந்தது. ஆலை நிர்வாகம் உயர்நீதிமன்றத்துக்குப் போய், வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டுகிறார்கள் என்று வாடியா முதலானவர்கள் மீது வழக்குப் போட்டுத் தடையுத்தரவும் வாங்கியது. சங்கம் வைப்பதையே சதியாகப் பார்க்க இங்கிலாந்துச் சட்டம் கைகொடுத்தது. அந்தப் பாதுகாப்பின்மைதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தது. ஆக, மூலதனத்தின் கப்பலுக்கு மேலே வழிகாட்டிய கட்டடம், அந்த மூலதனத்துக்கு உழைத்தவர்களின் சங்கத்தைக் கீழே வாய்மூடச் சொன்னது. இரண்டு பயன்களும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்காவிட்டாலும் ஒரே எஜமானுக்கு வேலை செய்தன எனலாம்.

ஆனால் வெளிச்சம் எஜமான் பேச்சை முழுசாகக் கேட்பதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்தபோது ஊர் விளக்குகளோடு கலங்கரை விளக்கும் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. குறி பார்க்க வேறென்ன வேண்டும்? அரைமணி நேரத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. விளக்கேந்திய நீதிமன்றத்துச் சுவரிலேயே ஒரு குண்டு பட்டது. அந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. பயத்தில் ஊரைக் காலிசெய்துகொண்டு ஓடியவர்கள் நிறையப் பேர். அந்தப் பயத்திலிருந்து 'அவன் சரியான எம்டன்' என்ற வார்த்தையை உருவிக்கொண்டது சென்னைத் தமிழ்.

இன்னொரு திருட்டு வாசிப்பும் உண்டு. கரையிலுள்ள இரண்டு உயரங்களை நேர்கோட்டில் வைத்துப் பார்த்துக் கடலில் இடம் கண்டுபிடிப்பது கட்டுமரக்காரர்களின் பழைய வித்தை. கோயில் கோபுரமோ, மாதாகோயில் முனையோ, ஆலைப் புகைபோக்கியோ, எதுவாக இருந்தாலும் சரி. இவர்களுக்காக யாரும் உயரம் கட்டியதில்லை. கட்டிய உயரத்தை இவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எந்த வரைபடத்திலும் பதிவாகாத இந்தப் பயனையும் 'பலபயன்' கணக்கில் சேர்க்க வேண்டுமா வேண்டாமா?

உயரம் பிறகு துறைமுகத்தைவிட்டுப் போய்விட்டது. 1959இல் மவுண்ட் ரோட்டில் 177 அடி எல்.ஐ.சி. கட்டடம் வந்தபோது சென்னையின் 'முதல் உயரம்' காப்பீட்டு அலுவலகத்துக்கு மாறியது. 1977இல் விளக்கும் கிளம்பி மெரினாவின் தென்பக்கம் புதிதாகக் கட்டிய கோபுரத்துக்குப் போனது. பல ஆண்டுகள் பொதுமக்களை அனுமதிக்காமல் வைத்திருந்து 2013இல் மறுபடி திறந்தார்கள். மின்தூக்கியில் ஏறிக் கடற்கரையைப் பார்க்கலாம்.

அங்கிருந்து தெரிகிற அந்த அகன்ற மணலுக்கும் ஒரு கதை உண்டு. 1875இல் அடிக்கல் நாட்டி, 1881 புயலில் பாதி இடிந்து, மறுபடி கட்டி, மணல் அடைத்ததால் 1904-1919இல் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பிலிருந்தபோது வாயிலையே கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்ற நேர்ந்த துறைமுகச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணலை வழிமறித்து நிற்கின்றன. தேங்கிய மணல் தெற்கே மெரினா ஆனது. வர வேண்டிய மணல் வராததால் வடக்கே கடல் கரையைத் தின்றது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று எண்ணூர் சாலையோரம் நெடுகக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். கடல் அந்தக் கல்லில்தான் வந்து அடிக்கிறது.