வீட்டுக்குள் வருது ஆணித் துப்பாக்கி!

அலமாரி, லாஃப்ட், சமையலறை ஷெல்ஃப் என்று வீட்டில் மரவேலை ஆரம்பித்தால் முன்பெல்லாம் 'டொக்... டொக்' என்று சுத்தியல் சத்தம் கேட்கும். இப்போ பல வீடுகளில் 'டப்... டப்' என்று துப்பாக்கி சத்தம்! காற்றின் வேகத்தில் ஆணி அடிக்கும் கருவி இது. காற்றை அடைத்துத் தர கம்ப்ரசர் மெஷினும் கூடவே வரும். "அது ஆசாரி பாடு, நமக்கென்ன?" என்று இருந்துவிடாதீர்கள் சகோதரிகளே. வேலை நடக்கும் நாள் முழுக்க குழந்தைகளோடு வீட்டில் இருப்பது நாம்தானே? அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஆணி. நூல் நம்பர் மாதிரிதான் இதுவும். கேஜ் நம்பர் கூடக் கூட ஆணி மெலிசாகும். பீடிங் அடிக்க 18 கேஜ் போதும். சுமார் 1.2 மி.மீ. கனம்தான், ஓட்டையைப் பட்டி வைத்து மறைத்துவிடலாம். கதவு நிலையைச் சுற்றி வரும் கனமான சட்டத்துக்கு 16 கேஜ். 23 கேஜ் குண்டூசி மாதிரி. அடித்த இடமே தெரியாது, ஆனால் பிடிப்பு குறைவு.

நீளத்தையும் கேளுங்கள். 19 மி.மீ. பிளைவுட் பலகை மேல் 6 மி.மீ. பீடிங் என்றால் 20 மி.மீ. ஆணி போதும். 30 மி.மீ. போட்டால் பலகைக்குப் பின்னால் முனை நீட்டிக்கொண்டு நிற்கும். புடவை அடுக்கும்போது கையைக் கிழித்துவிடும்.

"ஆணி அடிச்சாச்சுக்கா, பசை எதுக்கு?" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மெல்லிய ஆணி, பசை காயும் வரை பிடித்துக்கொள்ளத்தான். மழைக்காலத்தில் மரம் உப்பி, வெயிலில் சுருங்கும்போது பசை இல்லாத பீடிங் விட்டுக்கொண்டு வரும்.

அடுத்து கம்ப்ரசர். பீடிங் வேலைக்கு 24 லிட்டர் டாங்க் உள்ள சின்ன மெஷினே தாராளம். பெயின்ட், பாலிஷ் ஸ்ப்ரே பண்ணுவதற்குத்தான் விடாமல் காற்று வேண்டும், பெரிசு தேவைப்படும். கைக்குழந்தையோ வயசானவர்களோ உள்ள வீடு என்றால், சத்தம் குறைவான, ஆயில் ஊற்றாத ரகமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ், மிக்ஸிக்குப் போட்ட எக்ஸ்டென்ஷன் ஒயரில் இதையும் சொருக விடாதீர்கள். ஸ்டார்ட் ஆகும்போது கரண்டை நிறைய இழுக்கும். பவர் பிளக்கில் நேரடியாகப் போட்டு, மெஷினை பால்கனியில் வைத்து, காற்றுக் குழாயை நீளமாக இழுத்துக்கொள்ளலாம். சத்தமும் வெளியே போய்விடும்.

எங்க வீட்டுக்காரர் மாதிரி 'ஞாயிற்றுக்கிழமை ஆசாரிகள்' சொந்தமாக வாங்கக் கிளம்பினால், ஓர் அறைக்கு மட்டும் என்றால் வாடகைக்கு எடுப்பதே லாபம் என்று சொல்லுங்கள். வாங்கியே தீருவேன் என்றால், ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் காற்றை இறக்கிவிட்டு, டாங்க் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடித்துவிடும்.

இனிதான் முக்கியமான விஷயம். துப்பாக்கியின் மூக்கை மரத்தில் அழுத்தினால்தான் ஆணி பாய வேண்டும். வேகத்துக்காக அந்தப் பாதுகாப்பைக் கட்டி வைத்திருந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். ஆணி சிக்கினால் காற்றுக் குழாயைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். கண்ணாடி போடாமல் அடிக்கக் கூடாது. மரக்கணுவில் பட்டு ஆணி பக்கவாட்டில் பாயும் என்பதால், எதிர்ப்பக்கம் யாரும் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

எங்கள் வீட்டில் சாயந்திரம் வேலை முடிந்ததும் பையன்கள் காற்றுக் குழாயைச் சட்டைக்குள் விட்டுத் தூசி தட்டிக்கொண்டார்கள். என் சின்ன மகன், "எனக்கும் அடிங்கண்ணா" என்று ஓடினான். பாய்ந்து போய்த் தடுத்தேன். "வெறும் காத்துதானேக்கா" என்று சிரித்தார்கள். வெறும் காத்து இல்லை! மரத்துக்குள் ஆணியை இறக்குகிற காத்து. காதில் பட்டால் ஜவ்வு கிழியும், கண்ணைக் கெடுக்கும், உடம்புக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. விளையாட்டாக அடித்து உயிர் போன செய்திகளை நாமும் பேப்பரில் படித்திருக்கிறோமே!

மறுநாள் காலையில் தூசி தட்ட அவர்களிடம் ஒரு பழைய துண்டைக் கொடுத்துவிட்டேன். நீங்களும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

- ஒரு வாசகி, திருச்சி.