எது நிஜம்? எது நிழல்?

கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர்களுக்கென்றே ஒரு பொருட்காட்சி சாலை இருக்கிறது. ராட்சத இயந்திரங்களோடு அங்கே ஒரு வெள்ளைத் தேநீர்க் கெண்டியும் இடம் பிடித்துக் கொண்டிருக்கிறது. எந்தச் சக்கரவர்த்தியும் அதில் தேநீர் அருந்தியதில்லை. ஸால்ட் லேக் ஸிட்டியில் ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கிய சாதாரணப் பாத்திரம்தான். ஆனாலும் கம்ப்யூட்டரைக் கொண்டு சித்திரம் தீட்டுகிறவர்களில் அதை அறியாதவர் அபூர்வம்.

1975-ம் வருஷம். யூட்டா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் மார்ட்டின் நியூவெல்லுக்கு, கம்ப்யூட்டர் சித்திரத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல உருவம் தேவைப்பட்டது. வீட்டில் தேநீர் வேளையில், எதிரே இருக்கும் கெண்டியையே வரைந்தால் என்ன என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி ஸாண்ட்ரா. (இம்மாதிரி யோசனைகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன!) நியூவெல் கட்டம் போட்ட காகிதத்தில் பென்ஸிலால் கெண்டியை வரைந்தார், அதன் வளைவுகளை எண்களாக்கி இயந்திரத்துக்கு ஊட்டினார். அந்த எண்கள் மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் கிடைத்தன.

கெண்டியில் அப்படி என்ன விசேஷம்? வயிறு உருண்டை, பிடியில் துவாரம், மூக்கின் நிழல் அதன் வயிற்றின் மீதே விழும். ஒளியும் நிழலும் விளையாட இதைவிட நல்ல மைதானம் வேண்டாம். ஒரு வேடிக்கை: நிஜக் கெண்டி சற்று உயரம், பிரபலமான சித்திரக் கெண்டியோ குள்ளம். ஜிம் பிளின் என்ற இன்னொரு நிபுணர் அதை அமுக்கிவிட்டார். நியூவெல் முதலில் அடிப்பாகமும் வரையவில்லை. தேநீர் ஊற்றியிருந்தால் அத்தனையும் தரையில்தான்!

குள்ளமான கெண்டியும் பார்வைக்கு அழகாகவே இருந்தது. தொல்லையும் அதுதான். அழகாக இருக்கிறது, சரி, உண்மையாக இருக்கிறதா? இன்னும் கட்டாத ஒரு மண்டபத்தில் வெளிச்சம் எப்படி விழும் என்று படத்தைப் பார்த்து முடிவு செய்யப் போகிற கட்டடக் கலைஞருக்கு அழகு மட்டும் போதுமா?

நியூயார்க் மாகாணத்துக் கார்னெல் சர்வகலாசாலையில் டொனால்ட் கிரீன்பெர்க் குழுவினர் இந்தக் கேள்வியைப் பிடித்துக் கொண்டார்கள். 1984-ல் அவர்கள் சோதனைக்கு எடுத்துக் கொண்டது ஒரு பெட்டி. ஒரு பக்கச் சுவர் சிவப்பு, எதிர்ச் சுவர் நீலம், மற்றவை வெள்ளை. (பிற்காலத்தில் நீலம் போய்ப் பச்சை வந்தது.) விஷயமெல்லாம் அந்த வெள்ளைச் சுவரில்தான். சிவப்புப் புடவை கட்டிய தாயாரின் மடியில் கிடக்கும் குழந்தையின் வெள்ளைச் சட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? லேசாகச் செம்மை படர்ந்திருக்கும். ஒளி ஒரு பொருளில் பட்டு இன்னொன்றின் மேல் விழும்போது, நிறத்தையும் கொஞ்சம் எடுத்துச் செல்கிறது. வெப்பம் ஒரு பரப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவதைக் கணக்கிட எஞ்சினீயர்கள் கையாளும் முறையை ஒளிக்குப் பிரயோகித்து, அந்தச் செம்மையைப் படத்தில் வரவழைத்தார்கள். அதோடு விடவில்லை, நிஜமாகவே ஒரு பெட்டி செய்து, போட்டோ எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள்.

1986-ல் அதே குழுவினர் வெளியிட்ட சோதனை இன்னும் துணிச்சலானது. நிஜப் பெட்டியின் பிம்பம் ஒரு பக்கம். கம்ப்யூட்டர் தீட்டிய படத்தின் பிம்பம் மறுபக்கம். இரண்டையும் கேமரா வழியாகக் காட்டி, எது நிஜம் என்று ஆட்களைக் கேட்டார்கள். பார்த்தவர்கள் சொன்ன பதில், காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை! கண்ணை ஏமாற்றியதோடு அவர்கள் திருப்தியடைந்துவிடவுமில்லை. பெட்டிக்குள் ஒளியின் அளவைக் கருவி வைத்து அளந்து, கணக்கில் வந்த எண்களோடு ஒத்துப் பார்த்தார்கள்.