முதல் பிடி யாருக்கு?

உலை கொதிக்கிறது. அம்மா அரிசியை அளந்து முறத்தில் கொட்டுகிறாள். களையும் முன்பு ஒரு பிடி அள்ளி, மூலையில் இருக்கும் சிறு பானையில் போடுகிறாள். பிறகுதான் சோறு!

இதுதான் "பிடி அரிசிக் காணிக்கை". நெல்லைச் சீமைக் கிறிஸ்தவ வீடுகளின் பழைய வழக்கம். சேர்ந்த அரிசி ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும். (இங்கே "சர்ச்" என்று சொல்வது குறைவு. கோவில்தான்!) விற்ற பணம் ஊழியத்துக்கு.

பாப்பாத்தி அம்மாள் கோவில்

பாளையங்கோட்டையில் 1785-ல் ஒரு சிறு கோவில் எழுந்தது. கட்டியவர் குளோரிந்தா என்ற பிராமண விதவை. 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். "பாப்பாத்தி அம்மாள் கோவில்" என்று இன்றும் அதற்குப் பெயர்.

தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் பனையேறிகள் சபை வளர்ந்தது. பனையேறி விடியும் முன்பே மரத்தடிக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் பதனீர் கெடும். பெண்களுக்கு விடிலியில் கருப்பட்டி காய்ச்சும் வேலை. ஓய்வு ஏது? அப்படியும் கோவில் மணி அடித்தால் ஜெபத்துக்கு ஆள் கூடியது.

பனை ஓய்ந்த மாதங்களில்தான் சோதனை! கையில் காசு இராது. வீட்டில் இருப்பது அரைப்படி அரிசி. பிள்ளைகளோ நாலு பேர். அன்றைக்கும் பிடி எடுப்பதா? பிள்ளை வாயிலிருந்து பிடுங்குவது ஆகாதா? நியாயமான கேள்விதான்.

ஆனால் பிடிக்குப் படிக்கணக்கு கிடையாது. அம்மாவின் கைதான் அளவு. இல்லாத நாளில் அந்தக் கை சற்று இறுகி மூடும். விரலிடுக்கில் நாலு மணி முறத்திலேயே விழும். மிச்சம் பானைக்குப் போகும். அன்றைக்குக் கஞ்சியில் தண்ணீர் கொஞ்சம் கூடுதல்.