செஞ்சட்டைச் சிப்பாய்களும் மதுரைக் கான் சாகிபும்

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரெஞ்சுக்காரரை எதிர்க்கும் பொருட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தென்னாட்டில் திரட்டிய சுதேசிச் சிப்பாய்கள், ஆங்கிலப் பட்டாளத்தாருக்குரிய செந்நிறச் சட்டையை மேலேயும், தொடையளவே நின்ற வெள்ளைக் குறுங்கால்சட்டையைக் கீழேயும், நம் நாட்டுத் தலைப்பாகையைச் சிரத்திலும் தரித்து அணிவகுத்தனர். இன்றைய மதராஸ் ரெஜிமெண்டின் பூர்விகம் இப்படைகளே.

அச்சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்டாக உயர்ந்து, கம்பெனியாரிடம் தங்கப் பதக்கமும் பெற்று, 1759 முதல் மதுரைச் சீமையை நிர்வகித்த கான் சாகிபு என வழங்கப்பெற்ற முகம்மது யூசுப் கான், ராமநாதபுரச் சீமைப் பனையூரில் பிறந்தவர். அவ்வீரர், ஆர்க்காட்டு நவாபின் அதிகாரத்தை ஏற்க மறுத்து மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றியபோது, 1763, 1764 ஆண்டுகளில் கோட்டையை முற்றுகையிட்டோருள், ஒரு காலத்தில் அவர் தலைமை தாங்கிய கம்பெனிச் சிப்பாய்களும் இருந்தனர் என்பது நெஞ்சை வருத்தும் செய்தியாகும். முற்றுகையால் வெல்லப்படாத அவர், தம்மவராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார்.

கம்பெனிச் சிப்பாய்கள் தம் பழைய தலைப்பாகைக்கு மாற்றாகத் தோற்சின்னம் பதித்த புதுத் தலைப்பாகையை அணியவும், நெற்றிக்குறியையும் கடுக்கனையும் நீக்கவும் பிற்காலத்தில் பிறந்த ஆணை, 1806 ஜூலை 10 அன்று வேலூரில் பெருங்கலகமாக வெடித்தது; அதன் பின்னரே கம்பெனியார் அவ்வாணையைக் கைவிட்டனர்.

கான் சாகிபு காத்து நின்ற மதுரைக் கோட்டை மதில் 1840-களில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டது. கான் சாகிபின் சமாதி சம்மட்டிபுரத்தில் உள்ளது; அன்பர்கள் அதனைச் சென்று தரிசிக்க வேண்டுகிறோம்.