பேரத்தில் கைமாறும் மேல்முறையீடு

காத்திருக்க வசதியில்லாதவன் மலிவாக விற்பான் என்று பொருளாதார வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வந்தேன். அறுவடை முடிந்த வாரமே நெல்லை விற்றாக வேண்டிய சிறு விவசாயியை அதற்கு உதாரணமாகக் காட்டுவேன். அதே விதி குற்றவியல் நீதிமன்றத்திலும் செல்லுபடியாகிறது என்பதை, என்னிடம் படித்து இன்று வழக்குரைஞராக இருக்கும் ஒருவரிடமிருந்துதான் அறிந்தேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெறும் 'குற்ற ஒப்புதல் பேரம்' 2006 ஜூலையில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு உச்சநீதிமன்றம் இம்முறையைக் கடுமையாகக் கண்டித்திருந்தது. வழக்குகளின் தேக்கம் அந்தத் தயக்கத்தை வென்றுவிட்டது. ஏழாண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்கள், நாட்டின் சமூக, பொருளாதார நிலையைப் பாதிக்கும் குற்றங்கள் ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இந்த முறையைத் தக்கவைத்துக் கொண்டதுடன், முதன்முறைக் குற்றவாளிக்குக் கூடுதல் சலுகையும் தந்துள்ளது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருட்டுக்கு அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. பேரத்தில் அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஒன்பது மாதம் விதிக்கலாம். முதன்முறைக் குற்றவாளி என்றால் ஆறில் ஒரு பங்கு, ஆறு மாதம். விசாரணைக் கைதியாகக் கழித்த நாள்கள் தண்டனையில் கழிக்கப்படும். எனவே, ஜாமீன் கிடைத்தும் பிணை நிற்க ஆளின்றி ஆறு மாதம் சிறையில் கிடந்தவர், ஒப்புக்கொண்ட அன்றே வெளியே வந்துவிடலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால்? வேறு வழக்கு இல்லாத முதன்முறைக் கைதியை அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் சொந்தப் பிணைப் பத்திரத்தில் விடுவிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு ஓராண்டு ஆகும். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வது அவருக்கு ஆறு மாத லாபம். இந்தக் கணக்கில் குற்றவாளி, நிரபராதி என்ற வேறுபாடே எழவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இந்த லாபத்துக்கு அவர் கொடுக்கும் விலையில் ஒன்று மேல்முறையீட்டு உரிமை. பேரத்தின்படி அளிக்கப்படும் தீர்ப்பே இறுதியானது. அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. உச்சநீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 136-ஆவது பிரிவின்படி சிறப்பு அனுமதி மனு, உயர்நீதிமன்றத்தில் 226, 227-ஆவது பிரிவுகளின்படி மனு ஆகிய கதவுகள் மட்டுமே திறந்திருக்கின்றன. அவை இரண்டும் நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டவை. சாட்சியங்களைப் புதிதாக எடைபோடும் இடங்கள் அல்ல. பிணைக்கு ஆள் கிடைக்காதவருக்கு தில்லிக் கதவு திறந்திருந்து என்ன பயன்?

இந்த இறுதித்தன்மைக்கு நியாயம் இல்லாமலில்லை. தண்டனை குறைந்த பிறகு வழக்கை மீண்டும் கிளறலாம் என்றால் பேரத்துக்குப் பொருளே இராது. அரசுத் தரப்பையும் அது கட்டுப்படுத்துகிறது. லேசான தண்டனை என்ற நம்பிக்கையில் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு மேல்நிலையில் தண்டனையைக் கூட்டியது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவுக்கு முரணானது என்று, 1980-களின் தொடக்கத்தில் திப்பேசாமி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. சட்டப்படியான பேரத்தில் இன்று அந்த ஆபத்து குறைவு.

பேரத்தின் தாயகம் எனத்தக்க அமெரிக்காவில், கூட்டாட்சி நீதிமன்றத் தண்டனைகளில் 97 சதவீதம் குற்ற ஒப்புதல் வழியே வருபவை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றமே 2012-இல் குறிப்பிட்டது. அங்கே மேல்முறையீட்டைக் கைவிடுவது பெரும்பாலும் ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து. ஒப்புக்கொண்டவரும் தன்னைத் தண்டித்த சட்டமே அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று முறையிடலாம் என 2018-இல் கிளாஸ் வழக்கில் தீர்ப்பானது. அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது ஒரு சிறிய நடைமுறை விதி. மேல்முறையீட்டைக் கைவிடும் ஷரத்து இருந்தால், அதை நீதிபதியே குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் நேரில் எடுத்துரைத்து, அவருக்குப் புரிந்ததா என்று உறுதிசெய்ய வேண்டும்.

நம் சட்டத்தில் இதற்கு இணையான வாசகம் இல்லை. தண்டனையின் தன்மையையும் அளவையும் புரிந்துகொண்டு தாமாக விண்ணப்பிப்பதாக அவர் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். எதிர்த் தரப்பு இல்லாமல், மூடிய அறையில் நீதிபதி அவரை விசாரிப்பார். அது நல்ல ஏற்பாடு. ஆனால், மேல்முறையீடு பறிபோகிறது என்று சொல்ல வேண்டும் என அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிரமாணப் பத்திரத்திலும் நீதிபதியின் கேள்விகளிலும் சேர்க்க நாடாளுமன்றம்வரை போகத் தேவையில்லை; உயர்நீதிமன்றச் சுற்றறிக்கை ஒன்றே போதும் என்று கருதுகிறேன்.

என் மாணவர் தன் கட்சிக்காரர்களிடம் இதை இப்போதே சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறாராம். கேட்டபின் மனம் மாறியவர்கள் உண்டா என்று விசாரித்தேன். "ஒரே ஒருவர் சார்" என்றார். "அவருக்கு வெளியே பிணை நிற்க அண்ணன் இருந்தார்."