கப்பலேறி வந்த வசை

திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கிய சரக்குக்குக் கணக்கு உண்டு. கூடவே வந்த கதைகளுக்கு இல்லை. 1348இல் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது, யூதர் கிணறுகளில் நஞ்சிட்டார்கள் என்ற வதந்தி ஊர் ஊராக உயிர்களைப் பறித்தது. யூதர் மிக அரிதாகவே வாழ்ந்த இலங்கைக்கும் அந்த வெறுப்பின் உருவம் வந்து சேர்ந்தது. 1915 சிங்கள–முஸ்லிம் கலவரத்துக்குப் பின், சிங்கள பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபால பிரித்தானிய அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், முஸ்லிம் வணிகர் யூதரோடும் ஷேக்ஸ்பியரின் வட்டிக்காரன் ஷைலாக்கோடும் ஒப்பிடப்பட்டனர். ஆள் மாறியது, அச்சு மாறவில்லை.

கடை விலையும் கடனும் உண்மையான மனக்குறைகள்தானே என்று கேட்கலாம். முதல் உலகப் போர்க்கால விலையேற்றம் உண்மையே. ஆனால் விலைமீது எழுந்த கோபம் பள்ளிவாசலைத் தாக்கியது ஏன்? ஒரு வியாபாரியின் மீதான குறையை ஒரு சமூகத்தின் குணமாக மாற்றியது பிரசாரமே. பிரசாரத்தின் முழு வேலையும் இந்தத் தாவலில்தான் இருக்கிறது. வெறும் பேச்சு யாரையும் அடிப்பதில்லை என்போருக்கு, திருகோணமலை இருக்கும் இதே கிழக்கு மாகாணத்து அம்பாறை இருக்கிறது. 2018 பெப்ரவரியில், முஸ்லிம் உணவகமொன்றில் மலடாக்கும் மாத்திரை கலக்கப்படுவதாகக் கதை கிளம்பிற்று; பழைய கிணற்று நஞ்சு, இம்முறை கறிக் குழம்பில். அரச பகுப்பாய்வாளர் கண்டது வெறும் மாவுக்கட்டி. அந்த முடிவு வெளிவந்தபோது பள்ளிவாசலும் கடைகளும் ஏற்கெனவே உடைக்கப்பட்டிருந்தன.