வேலையும் போச்சு, பேரும் போச்சா? பழைய நிறுவனம் தப்பாகப் பேசினால் என்ன செய்யலாம்?

மூன்று ரவுண்ட் இன்டர்வியூ முடிந்துவிட்டது. சம்பளமும் பேசியாகிவிட்டது. 'திங்கள்கிழமை ஆஃபர் லெட்டர் வந்துடும்' என்ற எச்.ஆர்., அதன்பிறகு போனையே எடுப்பதில்லை. துருவிக் கேட்டால், 'பழைய இடத்துல ஃபீட்பேக் சரியில்லை' என்று பதில் வருகிறது. ஆட்குறைப்பில் பல பேரோடு சேர்த்து அனுப்பப்பட்டவருக்கு 'சரியா வேலை செய்யாதவர்' என்ற பட்டம் எங்கிருந்து வருகிறது? அதை எப்படிச் சமாளிப்பது?

பேச்சு எந்த வழியில் போகிறது?

வழிகள் இரண்டு. ஒன்று, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன். புதிய நிறுவனமோ அது அமர்த்தும் ஏஜென்சியோ உங்கள் பழைய எச்.ஆருக்கு மெயில் அனுப்பும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, விலகிய காரணம், மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்றெல்லாம் கேட்கும். பதில் எழுத்தில் இருக்கும். வம்பு எதற்கு என்று தேதியையும் பதவியையும் மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளும் நிறுவனங்களும் பல உண்டு.

இன்னொன்று, மேனேஜருக்கு மேனேஜர் போகும் போன்கால். தரமணியில் இருந்து சிறுசேரி வரை நீளும் ஓஎம்ஆர் ஐ.டி. வட்டாரத்தில், 'அவர் உங்க டீம்லதானே இருந்தார், ஆள் எப்படி?' என்று கேட்க யாராவது ஒருவர் கிடைத்துவிடுவார். எதுவும் பதிவாகாத இந்த வழியில்தான் பேச்சு தாறுமாறாகப் போக வாய்ப்பு அதிகம்.

'நீங்களே ரிசைன் பண்ணிடுங்க' என்றால்?

சிக்கல் பெரும்பாலும் ஆரம்பிக்கும் இடம் இது. 'ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும்' என்று சொல்லும்போது பதற்றத்தில் பலரும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பிறகு ஆட்குறைப்பு நடந்ததற்கு உங்கள் ஃபைலில் தடயமே இருக்காது. 'ஏன் போனார்?' என்ற கேள்விக்குப் பழைய மேனேஜர் எந்தக் கதையும் சொல்லலாம். ஆட்குறைப்புக்கான இழப்பீடு கேட்பதும் கடினமாகிவிடும்.

கையெழுத்துப் போடும் முன், காரணத்தை ரிலீவிங் லெட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள்: 'புராஜெக்ட் முடிவதால் என் பதவி நீக்கப்படுகிறது என்று இன்றைய மீட்டிங்கில் சொன்னீர்கள். இது என் செயல்பாடு சம்பந்தப்பட்டதல்ல என்பதை உறுதிப்படுத்தவும்.' ஆபீஸ் மெயில் எந்த நிமிடமும் முடக்கப்படலாம் என்பதால், சொந்த மெயிலில் இருந்தே அனுப்புவது நல்லது. பதில் வராவிட்டாலும் தேதியோடு ஒரு பதிவு இருக்கும்.

இறுதி செட்டில்மென்ட் பத்திரத்தில் 'நிறுவனத்தைப் பற்றித் தவறாகப் பேச மாட்டேன்' என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும்படி மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

முதலில் உறுதி செய்யுங்கள்

ஆஃபர் நின்றுபோக பட்ஜெட் உள்பட வேறு காரணங்களும் இருக்கலாம். அதனால், 'வெரிஃபிகேஷனில் ஏதாவது முரண்பாடு இருக்கிறதா? விளக்கம் தரத் தயார்' என்று புதிய எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். தப்பாகச் சொன்னது உறுதியானால், மேனேஜரிடம் சண்டைக்குப் போகாமல் பழைய எச்.ஆர். தலைமைக்கு எழுதுங்கள். எந்தத் தேதியில், யாரிடம், என்ன சொல்லப்பட்டது, உண்மை என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்பது மட்டும் அதில் இருந்தால் போதும். அப்ரைசல் லெட்டர், போனஸ் கடிதம் போன்றவற்றை இணைக்கலாம். கிளையன்ட் டேட்டா, கோட் எதையும் எடுத்து வராதீர்கள். பொய்யாக இருந்த குற்றச்சாட்டை நீங்களே உண்மையாக்கியது போல் ஆகிவிடும்.

அந்த கம்பெனியையே ரெஸ்யூமில் இருந்து தூக்கிடலாமா?

கூடாது. பிஎஃப் பிடிக்கப்பட்டிருந்தால், எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்து எப்போது விலகினீர்கள் என்பது உங்கள் யுஏஎன் கணக்கில் இருக்கும். வருமான வரி பிடித்திருந்தால் ஃபார்ம் 26ஏஎஸ்ஸும் காட்டிக்கொடுக்கும். மறைத்தது தெரிந்தால், ஃபீட்பேக்கைவிட அதுவே பெரிய பிரச்னை. விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதிவேற்றாவிட்டால், கடைசி பிஎஃப் சந்தா மாதத்தில் இருந்து 2 மாதங்கள் கழித்து ஆன்லைனில் நீங்களே பதிவு செய்யலாம்.

இன்டர்வியூவில் என்ன சொல்வது?

இரண்டு வரி போதும்: 'நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது என் பதவியும் போனது. அங்கே நான் செய்த வேலை இது.' பதிலுக்குப் பழைய மேனேஜரைத் திட்டினால், கேட்பவர் மனதில் உங்கள் பெயர்தான் கெடும். உங்களோடு வேலை பார்த்து இப்போது வேறு இடத்தில் இருக்கும் டீம் லீடு ஒருவரைக் கேட்டு, அவர் சம்மதத்துடன் ரெஃபரன்ஸாகக் கொடுங்கள். மேனேஜர் சொன்னதற்கு எதிராக உங்களுக்காகப் பேச இன்னொரு குரல் வேண்டும்.

சட்டம் கைகொடுக்குமா?

கொடுக்கும், ஆனால் சுலபமல்ல. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. 2 ஆண்டுகள் வரை வெறுங்காவல், அபராதம் அல்லது இரண்டும், இல்லாவிட்டால் சமூக சேவை தண்டனையாகக் கிடைக்கலாம். போலீஸ் நேரடியாக வழக்குப் போடாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம்.

மூன்றாவது நபரிடம் சொல்லப்பட்டிருந்தால்தான் அது அவதூறு. நல்லெண்ணத்தில் சொன்ன கருத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. 'அவருக்கு ஜாவா அவ்வளவா வராது' என்பது கருத்து. 'டேட்டா திருடினதால அனுப்பினோம்' என்று பொய் சொல்வது வேறு ரகம். அதைக் கேட்ட புதிய எச்.ஆர். சாட்சி சொல்ல வருவாரா என்பதுதான் பெரிய கேள்வி.

எனவே வக்கீல் நோட்டீஸில் தொடங்குவதே நடைமுறை. அவதூறு வாட்ஸ்அப்பிலோ லிங்க்ட்இன்னிலோ வந்திருந்தால், தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டு, அந்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். சிவில் வழக்குக்குக் கெடு பொதுவாக 1 வருடம்தான். 'அடுத்த வேலை கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று ஒத்திப்போட்டால் அந்தக் கெடு தாண்டிவிடும்.